ஆலைச் சாலையில் ஓர் அடுப்பங்கரை

சிங்கப்பெருமாள் கோவிலில் கிளைத்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூரை நோக்கிச் செல்லும் அகன்ற சாலையில், இரவு ஷிப்ட் முடிந்து கண் சிவந்து திரும்புகிறவர்களும் காலை ஷிப்டுக்குத் தலைவாரிப் புறப்பட்டவர்களும் ஏறிய கம்பெனி பஸ்கள் எதிரும் புதிருமாக விரைந்துகொண்டிருக்கும் அதிகாலை வேளையில், அந்தப் பிரதேசத்து விடுதிகள் சிலவற்றின் சாப்பாட்டு அறைகளில் நம் ஊருக்குப் புதியதொரு காலை உணவு பரிமாறப்படுகிறது: ஒரு கிண்ணம் வெண்சோறு, ஒரு கிண்ணம் மிஸோ சூப், உப்பிட்டுச் சுட்ட மீன் துண்டம் ஒன்று, ஊறவைத்த முள்ளங்கி இரண்டு வில்லை, கடைசியில் பச்சைத் தேநீர்.

இதை உண்கிறவர்களில் பலர், ஒப்பந்தக் காலம் முடியும்வரை குடும்பத்தைத் தாய்நாட்டில் விட்டுவிட்டு இங்கே தங்கியிருக்கும் ஜப்பானியப் பொறியாளர்கள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கியபோது கொரிய நாட்டுச் சமையல் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது; ஒரகடத்தில் கொமாட்ஸுவின் கனரக இயந்திரத் தொழிற்சாலை, 2010 மார்ச்சில் அதே ஊரில் திறக்கப்பட்ட ரெனோ–நிஸான் கூட்டுத் தொழிற்சாலை, 2015-இல் வல்லம் வடகாலில் வேலை தொடங்கிய யமஹா மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை என்று வரிசையாக வந்த ஸ்தாபனங்களோடு ஜப்பானியச் சமையலும் வந்து சேர்ந்தது. ராமானுஜர் 1017-இல் அவதரித்த தலம் என்ற ஒரே பெருமையோடு, ஏரிப்பாசனத்தை நம்பி நெல் விளைவித்து வாழ்ந்த பூமியின்மேல் இத்தனையும் ஒரு தலைமுறைக் காலத்துக்குள் நடந்துவிட்டது.

ஜப்பானியச் சாப்பாடு என்றதும் நம்மவரில் பலருக்குப் பச்சை மீனும் ஒருவிதத் தயக்கமும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. சோற்றுருண்டையின்மேல் மீன் வில்லையை வைத்துத் தரும் ஸுஷியோ, எடோ என்று அந்நாளில் வழங்கிய டோக்கியோவின் தெருக்கடைகளில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நின்றபடியே தின்றுவிட்டுப் போகும் அவசரக்காரர்களுக்காகப் பிறந்த நகரத்துப் பண்டம். கடற்காற்று எட்டாத மலைச்சரிவுகளில், ஆண்டுதோறும் மாதக்கணக்கில் பனியில் புதைந்து கிடந்த கிராமங்களில் ஜீவித்த குடியானவர்களின் சாப்பாடு முற்றிலும் வேறு வகையைச் சேர்ந்தது. இனாகா, அதாவது நாட்டுப்புறம், என்ற அடைமொழியோடு அந்தச் சாப்பாட்டை மட்டுமே பரிமாறும் தனி உணவகங்கள் ஜப்பானின் பெருநகரங்களில் இன்று உண்டு. தமிழனுடைய நாவுக்கும் மனத்துக்கும் ஜப்பான் திறந்து வைத்திருக்கிற மிக அகலமான வாசல் அதுதான் என்பது என் அபிப்பிராயம். அதோடு, அப்படிப்பட்ட உணவகங்கள் தோன்றிய சரித்திரம் ஒரகடம் போன்றதோர் ஆலைப் பிரதேசம் ஊன்றிப் படிக்க வேண்டிய சரித்திரமும் ஆகும்.

அந்த உணவகத்தின் ஜீவநாடி இரோரி என்னும் தரையடுப்பு. வீட்டின் பிரதான அறையில் தரைப்பலகையைச் சதுரமாக வெட்டி, பள்ளத்தைச் சாம்பலால் நிரப்பி, நடுவில் விறகையோ கரியையோ கனலவிட்டு, உத்திரத்திலிருந்து இறங்கும் மூங்கிற்குழாய்க்குள் மேலும் கீழும் நகரக்கூடிய கொக்கியில் இரும்புப் பானையைத் தொங்கவிட்டிருப்பார்கள். கொக்கியை வேண்டிய உயரத்தில் நிறுத்திப் பிடிக்கும் மரக்கட்டை அநேகமாக மீன் வடிவத்தில் செதுக்கப்பட்டிருக்கும். நீரில் வாழும் பிராணி வீட்டை நெருப்பிலிருந்து காக்கும் என்பது நம்பிக்கை. புகைபோக்கி என்று தனியாக ஒன்றும் கிடையாது. எழும் புகை கூரைப் புல்லினூடே மெல்லக் கசிந்து வெளியேறும்போது, புல்லைப் பூச்சி அரிக்காமலும், கட்டுக்கயிறும் உத்திரமும் இற்றுப்போகாமலும் காத்துவிட்டே செல்லும். அடுப்பை அணைத்துவிட்டு வெறுமே பூட்டி வைத்த வீட்டின் கூரை சீக்கிரம் பழுதாகும் என்று அந்நாட்டார் சொல்வது இதனால்தான். கிஃபு மாநிலத்து மலைகளில், வணங்கக் கூப்பிய கைகளைப்போல் செங்குத்தாக எழும் கூரைகளோடு நிற்கும் ஷிரகவா-கோ கிராமத்து வீடுகள், பக்கத்துக் கொகயாமா கிராமங்களோடு சேர்ந்து, 1995-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அந்தக் கூரைகளைப் புதுப்பிக்கும் வேலைக்கு ஊரே கூடி வந்து கூலியின்றிக் கைகொடுப்பது அங்குள்ள பழைய வழக்கம்.

இரோரியைச் சுற்றி உட்காரும் இடங்களுக்கும் ஒரு கண்டிப்பான நியமம் இருந்தது. வாசற்புறத்தைப் பார்த்தபடி, வீட்டின் உட்பக்கத்தில், குடும்பத் தலைவர். அவருக்குப் பக்கவாட்டில், சமையல் சாமான்களுக்கு அருகில், வீட்டு எஜமானி. அவளுக்கு எதிரே விருந்தினர். விறகின் அடிக்கட்டை நீட்டிக்கொண்டிருக்கும் கடைசிப் பக்கத்தில் வேலையாளும் வீட்டுக்கு வந்த மருமகளும். புகையும் குளிரும் அதிகம் தாக்குகிற அந்த இடத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் வேண்டியதைச் செய்துவிட்டுத் தன் பங்கை உண்ட மருமகள், மாமியார் என்றைக்குத் தன் கையிலிருந்த சோற்றுக் கரண்டியை அவளிடம் ஒப்படைத்தாரோ அன்றைக்குத்தான் வீட்டின் எஜமானியானாள். நகரத்து உணவகங்களில் பணம் கொடுத்து இரோரியின் அருகில் அமர்கிறவர்கள் அனைவரும் விருந்தினர் இடத்திலேயே அமர்கிறார்கள். கிராமத்தின் நினைவைக் கொண்டாடும்போது விறகோரத்து மனுஷியை மறந்துவிடுவது எளிது என்பதால் இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

உணவகத்தின் வாசலில் தொங்கும் துணித் திரையை விலக்கிக்கொண்டு நுழைந்து, செருப்பைக் கழற்றி வைத்து, பாய் விரித்த உயர்தரையில் ஏறி உட்கார்ந்ததும், முதலில் கை துடைக்க ஈரத்துணி வருகிறது. பிறகு பதார்த்தங்கள், எல்லாம் ஒரே சமயத்தில் குவியாமல், ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வசந்த காலமானால் மலையில் பறித்த பெரணி இலைச் சுருள்களும் காட்டுக் குருத்துக்களும், லேசாக வெந்தோ மெல்லிய மாவில் தோய்த்துப் பொரித்தோ வரும். அவற்றின் சிறு கசப்பு, பனி உருகிவிட்டது என்பதற்கு நாக்கு பெறுகிற முதற்செய்தி. கோடையில் ஆற்று மீனாகிய ஆயு, உடல் நீந்துவதுபோல் வளைந்திருக்கும்படி குச்சியில் கோத்து, வாலிலும் செட்டையிலும் உப்பைத் தடவி, கனலைச் சுற்றிச் சாம்பலில் நட்டு, நெருப்பின்மேல் படாமல் அதன் வெக்கையிலேயே நெடுநேரம் சுடப்பட்டு வரும். ஹிடா மலைநாட்டில், மக்னோலியா மரத்தின் அகன்ற காய்ந்த இலையைக் கரியடுப்பின்மேல் வைத்து, அதன்மீது மிஸோவையும் வெங்காயத் தாளையும் காளானையும் பரப்பி, இலை மணம் ஏற ஏற அங்கேயே வதக்கிச் சோற்றோடு உண்பார்கள். இலையில் உண்ட பரம்பரையில் வந்த நமக்கு அந்த மணத்தின் அருமையை ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பின்னால் ஒரு வறுமையும், அதை வென்ற ஒரு யுக்தியும் இருக்கின்றன. நெல்லை விளைவித்த குடியானவன், எடோ காலத்தில் அந்நெல்லின் பெரும்பகுதியை வரியாக அளந்துவிட்டு, மலைப்பகுதிகளில் சிறுதானியத்தைத் தின்று காலம் தள்ளினான். அவன் தின்ற ஆவா நம் தினையேதான். கிபி நம் பனிவரகேதான். ஹியே நம் குதிரைவாலிக்கு நெருங்கிய உறவு. நெல் விளையாத குளிர்ந்த மேட்டுநிலத்தில் சில மாதங்களிலேயே முதிர்ந்துவிடும் கோதுமைப் போலித் தானியத்தின் மாவைப் பிசைந்து வெட்டியதுதான் ஸோபா என்னும் புகழ்பெற்ற நூற்பண்டம். அகிதா மாநிலத்தில் வெந்த சோற்றை மசித்துத் தேவதாருக் குச்சியில் அப்பிச் சுட்டு, பிறகு கோழிச் சாற்றில் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். முள்ளங்கியை வெயிலில் உலர்த்திப் பின் தவிட்டில் ஊறப்போடுவது மற்ற ஊர்களின் வழக்கமாயிருக்க, வெயிலைக் காண முடியாத அதே அகிதாவில் முள்ளங்கியை இரோரிக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுப் புகையிலேயே உலர்த்தினார்கள். இன்று அந்தப் புகை முள்ளங்கியை நாடெங்கும் ஆவலோடு வாங்குகிறார்கள். அரிசித் தவிட்டில் உப்பும் நீரும் கூட்டி, அதைத் தினந்தோறும் கையால் கிளறிக் காற்றோட்டம் கொடுத்து, கத்தரிக்காயையும் வெள்ளரிக்காயையும் புதைத்து எடுக்கிற ஊறுகாய்ப் பானை, தாயிடமிருந்து மகளுக்குச் சீதனம்போல் போனதும் உண்டு. சோயா மொச்சையை வேகவைத்து, உப்பும் பூஞ்சை படிந்த தானியமும் சேர்த்து, மாதக்கணக்கில் புளிக்கவிட்டு எடுக்கும் மிஸோவை அநேகமாக ஒவ்வொரு பண்ணை வீடும் தானே தயாரித்துக்கொண்டது.

யமகதா மாநிலத்து இமோனியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இலையுதிர் காலத்தில் சேப்பங்கிழங்கு தோண்டியெடுக்கும் சமயம், அண்டை அயலாரும் பள்ளித் தோழர்களும் ஆலைத் தொழிலாளரும் கூட்டம் கூட்டமாக ஆற்றங்கரைக்குப் போய், கல்லடுப்பு மூட்டி, கிழங்கோடு மாட்டிறைச்சியும் வெங்காயத் தாளும் சேர்த்துக் கொதிக்கவைத்து, அங்கேயே உண்டு மகிழ்வார்கள். யமகதா நகரத்தில் ஆண்டுதோறும் செப்டம்பரில் நடக்கும் பெருவிழாவில், மாமிகசாகி ஆற்றங்கரையில் 6.5 மீட்டர் விட்டமுள்ள கொப்பரையில் இது சமைக்கப்படுகிறது. அவ்வளவு பெரிய கொப்பரையில் கரண்டி போட மனிதக் கையால் இயலாதென்று, புத்தம்புதிய பொக்லைன் இயந்திரத்தைக் கொண்டுவந்து, அதன் மசகு எண்ணெயையெல்லாம் நீக்கி, உண்ணத்தக்க கொழுப்பைப் பூசி, அதைக்கொண்டே அள்ளிப் பரிமாறுகிறார்கள். ஒரகடத்துச் சாலையில் டிரெய்லர்களின் முதுகில் ஏறிச் செல்லும் அத்தகைய இயந்திரங்களைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு, அவற்றின் ஜாதியைச் சேர்ந்த ஒன்று ஊர்ப் பந்தியில் கரண்டியாக நிற்கும் காட்சி ஆச்சரியமாகவும், என்னைப்போல் நினைத்தால் நெருக்கமாகவும் தோன்றும்.

இத்தனை பதார்த்தங்களுக்கும் அடியில் ஓடும் ருசி தாஷி என்னும் தெளிந்த சாறு. கொம்பு என்ற கடற்பாசியை நீரில் ஊறவைத்துச் சுடவைத்து, அதில் கட்ஸுஓபுஷி என்ற மீன் சீவலைப் போட்டு உடனே வடித்துவிட்டால் தாஷி தயார். கட்ஸுஓபுஷி என்பது சூரை இனத்து மீனை வேகவைத்து, புகையிலிட்டு, பல தடவை காயவைத்து, சிறந்த வகையில் பூஞ்சையும் ஏற்றி, மரக்கட்டைபோல் கெட்டிப்படுத்தி எடுப்பது. மினிக்காய்த் தீவிலும் மாலத் தீவிலும் ஆகி, ஈழத்துச் சமையற்கட்டுகளில் இடித்துத் தூவப்படுகிற மாசியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இதன் உருவமும் வாசனையும் புதிதாக இரா. இரண்டும் ஒரே மீனுக்கு இரு கடல்கள் செய்த உபசாரம். டோக்கியோ சர்வகலாசாலையின் ரசாயனப் பேராசிரியர் இகேதா கிகுனாயே, கொம்புச் சாற்றின் ருசி இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்ற நான்கிலும் அடங்கவில்லையே என்று ஆராய்ந்து, அதற்குக் காரணம் குளூடமேட் என்று 1908-இல் கண்டார். மறு ஆண்டே அது அஜினமோட்டோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்று தள்ளுவண்டி ஃபிரைட் ரைஸ் வழியாக அப்பெயர் நமக்கெல்லாம் பரிச்சயமாகிவிட்டபோதிலும், அதன் மூலமாகிய தெளிந்த சாற்றை ருசித்தவர் நம்மில் சிலரே.

சைவ உணவுக்காரர்களுக்கு இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. காய்கறி மட்டுமே தெரிகிற கிண்ணத்திலும், டோஃபுவிலும், ஸோபாவைத் தோய்த்து உண்ணும் சாற்றிலும் மீன் தாஷி கலந்திருக்கக்கூடும். மீன் இல்லாத தாஷியா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். கேட்டால் கிடைக்காத பொருளும் அன்று. மடாலயங்களில் வளர்ந்த ஷோஜின் என்ற சமையல் வகை கொம்பையும் உலர்ந்த காளானையும் மட்டுமே கொண்டு சாறு எடுக்கிறது. அந்தச் சமையலைத் தியானத்துக்குச் சமமான காரியமாக உயர்த்தி, மடத்துச் சமையற்காரருக்கென்றே 1237-இல் ஓர் உபதேச நூல் எழுதிய ஆசாரியர் டோகென், ஸென் மார்க்கத்தைச் சேர்ந்தவர். அந்த மார்க்கத்தின் ஆதிகுருவாகிய போதிதருமர் காஞ்சியிலிருந்து புறப்பட்ட அரசகுமாரர் என்று ஒரு மரபு கூறுகிறது. அந்த மரபை நம்புகிறவர்களுக்கு, ஒரகடத்தின் அண்டை நகரமாகிய காஞ்சிக்கு இந்தச் சாப்பாட்டில் ஒரு பாத்தியதை உண்டு.

உண்ணும் முறையில் தெரிந்துகொள்ள வேண்டியவை சிலவே. கிண்ணத்தைக் கையில் ஏந்தி வாயருகே கொண்டுபோவது அங்கே மரியாதை. ஸோபாவைச் சப்தத்தோடு உறிஞ்சலாம். சாப்பாட்டுக் குச்சிகளைச் சோற்றில் நட்டு வைப்பதும், குச்சியிலிருந்து குச்சிக்கு ஒரு துண்டத்தைக் கைமாற்றுவதும் மட்டும் கூடா. முன்னது இறந்தவருக்குப் படைக்கும் சோற்றையும் பின்னது தகனத்துக்குப்பின் எலும்பு பொறுக்குவதையும் நினைவூட்டும்.

இனி, மலைக்கிராமத்து அடுப்பு நகரத்து உணவகமாக ஆன கதைக்கு வருவோம். போரில் சிதைந்த ஜப்பான் ஆலைகளைக் கட்டியெழுப்பத் தொடங்கியபோது, ஆள் தேவைப்பட்ட நகரங்களுக்கு வடகிழக்குக் கிராமங்களின் பிள்ளைகளை ஏற்றிச் செல்லத் தனி ரயில்கள் விடப்பட்டன. நடுநிலைப் பள்ளிப் படிப்பை முடித்த பதினைந்து வயதுப் பையன்களும் பெண்களும், ஆசிரியர் கூட வர, பெற்றோர் பிளாட்பாரத்தில் நின்று அழ, அவோமோரியிலிருந்து டோக்கியோவின் உவேனோ நிலையத்துக்கு 1954-இல் தொடங்கி 1975 வரை இப்படிப் பிரயாணம் செய்தார்கள். தங்க முட்டைகள் என்று அவர்களைப் பத்திரிகைகள் புகழ்ந்தன. அவர்களோ பட்டறை மாடிகளிலும் விடுதி அறைகளிலும் படுத்து, தங்கள் வட்டாரப் பேச்சை நகரத்தார் கேலி செய்வார்களென்று வாய் திறக்க அஞ்சி, ஊர்ச் சாப்பாட்டின் நினைவில் ஏங்கினார்கள். அதே காலத்தில்தான் கிராமத்து அடுப்பங்கரையை நடுவில் அமைத்து, சுற்றிலும் வாடிக்கையாளரை உட்காரவைத்து, கனலில் சுட்ட மீனையும் காயையும் நீண்ட மரத்துடுப்பின் நுனியில் வைத்து நீட்டும் ரோபாதா கடைகள், போருக்குப் பிந்தைய ஸெண்டாய் நகரத்திலிருந்து கிளம்பி நாடெங்கும் பரவின.

கிராமங்களும் தங்கள் பங்குக்கு இடம்பெயர்ந்தன. மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டு 1961-இல் முடிவடைந்த மிபோரோ அணை, ஷோகவா ஆற்றுப் பள்ளத்தாக்கின் கிராமங்களை நீரில் ஆழ்த்தியபோது, அங்கிருந்த பெரிய புற்கூரை வீடுகள் சில பிரித்தெடுக்கப்பட்டு வேறிடங்களில் நிறுவப்பட்டன. யானோஹரா குடும்பத்தின் மாளிகை போன்ற வீடு, யோகஹாமா நகரத்துச் சங்கேயென் பூந்தோட்டத்தில் இன்றும் நிற்கிறது. அதன் இரோரியில் தீ மூட்டி அந்தப் புகையாலேயே கூரையைப் பாதுகாத்து வருகிறார்கள். யோகஹாமா, நிஸான் கம்பெனி 1933-இல் பிறந்த ஊர். கார் செய்யக் கற்ற நகரமே தான் விழுங்கிய கிராமத்தின் அடுப்பையும் அணையாமல் காத்து வைத்திருக்கிறது என்பது என்னை ஆழமாகப் பாதித்த செய்தி. நாட்டுப்புற உணவகம் ஆலை யுகத்தின் குழந்தை. வெறும் வேடிக்கைக்காகவோ அலங்காரத்துக்காகவோ அது பிறக்கவில்லை. ஊரை விட்டு வந்த லட்சக்கணக்கானவர்களின் வயிறும் மனமும் கேட்டதால் பிறந்தது.

ஒரகடத்துக்கு அந்த ரயில்கள் இப்போதுதான் வந்து சேர்ந்துகொண்டிருக்கின்றன என்று சொன்னால் மிகையாகாது. தென்மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் ஆகிய தூரப் பிரதேசங்களிலிருந்தும் பள்ளிப்படிப்பு முடித்த கையோடு வந்தவர்கள், ஒரே அறையில் பலராகத் தங்கி, கேன்டீனிலும் மெஸ்ஸிலும் கிடைப்பதை உண்டு ஷிப்டுக்குப் போகிறார்கள். சாப்பாடு இங்கே எவ்வளவு கனமான விஷயம் என்பதை 2021 டிசம்பர் நமக்கு உணர்த்தியது. மின்னணுத் தொழிற்சாலை ஒன்றின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றுக்கு மேற்பட்டோர் சிகிச்சை பெற நேர்ந்ததும், ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் இரவில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து நியாயம் கேட்டார்கள். பிறகு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில், 706.50 கோடி ரூபாய்ச் செலவில், 18,720 பேர் தங்கக்கூடிய பிரம்மாண்டமான மகளிர் விடுதியைத் தமிழக அரசு திறந்தது. தங்குவதற்கு இடம் கிடைத்துவிட்டது. ஊர்ச் சாப்பாடு கிடைக்கும் இடம் இன்னும் கிடைக்கவில்லை.

ஜப்பானியரின் நிலை அவ்வளவு கஷ்டமானதன்று. மாலையில் சென்னைக்குப் போனால் நுங்கம்பாக்கம் நெடுஞ்சாலையில் காவேரி காம்ப்ளெக்ஸில் நெடுநாளாக இயங்கி வரும் டாலியா போன்ற உணவகங்களில், ஆரவாரமில்லாத அறையில், வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒப்பான சாப்பாடு அவர்களுக்குக் கிடைத்து வந்திருக்கிறது. ஆனால் நான் விவரித்த நாட்டுப்புறப் பந்தியை அதன் முழு லட்சணத்தோடு இங்கே எதிர்பார்ப்பதற்கில்லை. மலைக் குருத்தும் ஆயு மீனும் கப்பலேறி வரும் சரக்குகள் அல்ல. 2019 அக்டோபரில் நரீதாவிலிருந்து சென்னைக்குத் தொடங்கிய நேரடி விமானமும் மறு ஆண்டே கொரோனாவால் நின்றுபோயிற்று. இருந்தாலும் முள்ளங்கியும், கத்தரிக்காயும், சேப்பங்கிழங்கும், தவிடும், கரியும், கடலோரத்துச் சூரையும் இங்கே ஏராளமாக இருக்கின்றன. குளிர்பெட்டியில் வந்த சால்மன் துண்டத்தைக் காட்டிலும் காசிமேட்டு மீனை உப்பிட்டுக் கரியில் சுட்டுத் தருவதே நாட்டுப்புறச் சமையலின் தர்மத்துக்குப் பொருந்தும் என்று அந்த விடுதிகளின் சமையற்காரர்களுக்கு நான் சொல்லத் துணிவேன்; அருகில் விளைந்ததை அந்தந்தப் பருவத்தில் உண்பது என்பதே அச்சமையலின் மூல மந்திரம். 2013 டிசம்பரில் யுனெஸ்கோ ஜப்பானியரின் பாரம்பரிய உணவு மரபைத் தன் பட்டியலில் சேர்த்தபோது பாராட்டியதும் இயற்கையோடு ஒட்டிய அந்தப் பண்பைத்தான்.

நம்மவர் சமையல் அந்த நாட்டுக்குப் போய் வேரூன்றிய விதமும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. பிரிட்டிஷாரின் கையில் சிக்காமல் ஜப்பானில் தஞ்சம் புகுந்த ராஷ் பிஹாரி போஸ், தமக்கு அடைக்கலம் தந்த ஷிஞ்ஜுகு நாகமுராயா ரொட்டிக்கடைக் குடும்பத்தில் மருமகனாகி, 1927-இல் அக்கடை உணவகம் திறந்தபோது, இந்தியக் குழம்பை இந்திய முறையிலேயே சமைக்கக் கற்றுக்கொடுத்தார். திருவனந்தபுரத்திலிருந்து சென்ற ஏ. எம். நாயர் 1949-இல் டோக்கியோவின் கின்ஸா வட்டாரத்தில் தொடங்கிய உணவகம் இன்றளவும் நடக்கிறது. சொந்த ஊரின் ருசியை நீர்த்துப்போக விடாமல் அவர்கள் பரிமாறியதை அந்நகரம் தன்னுடையதாகவே ஏற்றுக்கொண்டது. தி. ஜானகிராமன் தம் ஜப்பானியப் பிரயாணத்தை ‘உதய சூரியன்’ என்று நூலாக எழுதியதிலிருந்து இன்றுவரை, அந்நாட்டைப் பற்றித் தமிழில் படித்து வியந்தவர் அநேகர். அந்நாட்டார் இங்கே வந்து குடியிருக்கும்போது அவர்களுக்கு நம் நாட்டுப்புறத்தை நாம் எங்கே காட்டுகிறோம்?

கிராமிய விருந்து என்று பெயர்ப்பலகை மாட்டிய உணவகங்கள் நெடுஞ்சாலைகளில் இருக்கவே செய்கின்றன. வண்டிச் சக்கரத்தைச் சுவரில் சாத்தி, அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டு, உள்ளே பரோட்டாவும் பன்னீர் பட்டர் மசாலாவும் தருவது அவற்றில் பலவற்றின் வழக்கம். நான் வேண்டுவது அதுவன்று. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்து ஏரிக்கரைக் குடியானவர் உண்ட சாப்பாட்டை, அந்தந்தப் பருவத்தில், அளவாக, அதன் காரணத்தோடு பரிமாறும் ஓர் இடம் வேண்டும்: கோடையில் கேழ்வரகுக் கூழும் மோர் மிளகாயும் சின்ன வெங்காயமும், ஏரி நீர் வற்றும் பருவத்தில் விராலும் கெளுத்தியும், மழைக்காலத்தில் கருவாட்டுக் குழம்பும் சுண்டைக்காய் வற்றலும், மற்றெந்நாளும் முருங்கைக் கீரையும் குதிரைவாலிச் சோறும். காஞ்சி வரதராஜப் பெருமாள் சந்நிதியில் மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மந்தாரை இலை வைத்த மூங்கிற்குடலையில் அவித்தெடுக்கும் இட்லியை, ஹிடா நாட்டு இலைச் சமையலைத் தெரிந்த ஒரு பொறியாளர் முன் வைத்துப் பாருங்கள். துபாஷி வைத்து விளக்கவேண்டிய அவசியம் நேராது. அடுப்பு நடுவில் இருக்கட்டும்; சமைக்கிற பெண்கள் பின்கட்டில் மறைந்து நிற்காமல் அதன் தலைமாட்டில் உட்காரட்டும். நிலத்தைக் கொடுத்துவிட்டு அந்நிலத்தின்மேல் எழுந்த ஆலைகளில் தோட்ட வேலையும் துப்புரவு வேலையும் பார்க்கிற ஊர்ப் பெண்கள் பலருக்கு இந்தச் சமையல் இன்னும் கைப்பழக்கமாக இருக்கிறது. அவர்களுடைய மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு சிப்காட் வளாகங்களில் ஓர் இடத்தை ஒதுக்கித் தருவது அரசுக்குப் பெரிய காரியமாகாது.

இதைத் தள்ளிப்போடவும் கூடாது. ஒரகடத்துக் கூட்டுத் தொழிற்சாலையில் நிஸானுக்கிருந்த பங்கு முழுவதையும் ரெனோ வாங்கிக்கொள்ளும் என்று 2025 மார்ச் இறுதியில் அறிவிக்கப்பட்டது. ஆலைகள் கைமாறும், வந்தவர்கள் திரும்பிப் போவார்கள், கூழ் காய்ச்சத் தெரிந்தவர்களும் வயதாகி வருகிறார்கள்.

ஆரம்பிப்பதற்குத் தை மாதம் பொருத்தமானது. ஜனவரி 15-ஆம் நாள், ஜப்பானியக் கிராமங்களில் சிறு புத்தாண்டு என்று கொண்டாடி, நம் தட்டைப்பயற்றுக்கு உறவான அஸுகிப் பயற்றை அரிசியோடு சேர்த்துக் கஞ்சி காய்ச்சி உண்பது பழைய சம்பிரதாயம். தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டென்று வாதித்த பேராசிரியர் ஓனோ ஸுஸுமு, இந்த விழாவையும் நம் பொங்கலையும் விரிவாக ஒப்பிட்டு எழுதினார். அவருடைய மொழிக்கொள்கையைப் பெரும்பாலான மொழியியல் அறிஞர்கள் ஏற்கவில்லையென்றாலும், இரு நாட்டுக் குடியானவரும் ஏறத்தாழ ஒரே நாளில் பானையை அடுப்பிலேற்றி வந்தார்கள் என்பது உண்மையாகவே நிற்கிறது. வருகிற பொங்கலுக்கு மறுநாள், ஜப்பானிய ஸ்தாபனங்களின் கேன்டீன் கமிட்டிகள் கஞ்சியும் பொங்கலும் ஒரே பந்தியில் பரிமாற ஏற்பாடு செய்யட்டும். அதற்கு வேண்டிய அரிசியும் பயறும் வெல்லமும் ஸ்ரீபெரும்புதூர்க் கடைவீதியிலேயே கிடைக்கும், அஸுகிக்குப் பதிலாகத் தட்டைப்பயற்றை வைத்துக்கொண்டாலும் கஞ்சி நன்றாகவே வரும்.